லாம்பர்தம் மேயர் வீட்டுக் காப்பி

எங்கள் லாம்பர்தத்தில் யாருக்கு என்ன குறை என்று தெரிய வேண்டுமானால் சனிக்கிழமை காலையில் ஒடீல் டெவுல்ஃப் வீட்டு முன்னறைக்குப் போனால் போதும். சுவரோரமாக நாற்காலிகள் போட்டிருக்கும். மரக்கட்டைச் செருப்பை வாசலில் விட்டுவிட்டு, காலுறையோடு, தொப்பியை முழங்காலில் கவிழ்த்து வைத்துக்கொண்டு ஆட்கள் உட்கார்ந்திருப்பார்கள். ஒருவருக்கு ஜெர்மனியில் பட்டாளப் பாசறையில் இருக்கும் மகனை ஊர்ப்பக்கம் மாற்ற வேண்டும். ஒருத்திக்கு மருமகனை ரயில்வேயில் சேர்க்க வேண்டும். இன்னொருவருக்கு வீட்டுக்குத் தொலைபேசி வரவேண்டும். மழைநாளில் எல்லாருடைய கம்பளிக் கோட்டும் ஒன்றாக நாறும். உள்ளே சுல்மா, ஒடீலின் மனைவி, காப்பி வடித்துக்கொண்டே இருப்பாள். ஊற்றிக் கொடுப்பது நான்.

நான் எல்வீரா, அடுத்த வீட்டுக்காரி. என் புருஷன் சிக்கரிச் சூளையில் வேலை பார்த்தான். நீங்கள் காப்பியில் கலந்து குடிக்கிற அதே சிக்கரிதான். ஐப்பசி பிறந்தால் கிழங்கைத் தோண்டி, கழுவி, நறுக்கி, சூளையில் பரப்பி இரவும் பகலும் கிளறிக்கொண்டே இருக்க வேண்டும். ஒருநாள் விடிகாலையில் கரிப்புகை அடைத்து, கிளறிய கட்டையோடு அப்படியே சாய்ந்து கிடந்தான். ஒடீல்தான் எனக்கு விதவைப் பென்ஷன் வாங்கிக் கொடுத்தார். "கஷ்டம்தான் எல்வீரா, ஆனா பாக்கறேன்" என்றார். குளிர்காலம் முடிவதற்குள் அவரே வீட்டுக்கு வந்து, தொப்பியைக் கழற்றி, "முடிஞ்சுது" என்றார். அன்றைக்கு அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அடுத்த சனிக்கிழமை முதல் காப்பி ஊற்றப் போய்விட்டேன். யாரும் கூப்பிடவில்லை. நன்றி என்று ஒன்று இருக்கிறதல்லவா.

ஒடீலும் சூளையிலிருந்து வந்தவர்தான். கிழங்கு கிளறிய கை. தொழிற்சங்கத்தில் பேச ஆரம்பித்து, ஊர்மன்றத்தில் உறுப்பினராகி, மேயராகி, பிறகு பிரஸ்ஸல்ஸ் பாராளுமன்றம் வரைக்கும் போனார். வாரத்தில் பாதி நாள் விடியற்கால ரயிலில் பிரஸ்ஸல்ஸ், மீதி நாள் மேயர். சாவு விழுந்தால் முதல் வரிசையில் இருப்பார். சேவல் சங்கம், ஊதுகுழல் கோஷ்டி, புறாச் சங்கம் எல்லாவற்றுக்கும் அவர்தான் கௌரவத் தலைவர். அவர் பிரஸ்ஸல்ஸில் என்ன பேசினார் என்று எங்களில் யாருக்கும் தெரியாது, கேட்டதும் இல்லை. எங்களுக்கு அவர் சனிக்கிழமை மனிதர்.

சுல்மாவுக்கு மட்டும் இதிலெல்லாம் மயக்கம் கிடையாது. "இந்த ஊரு கப்பெல்லாம் கழுவறதுக்குன்னே என்னைக் கட்டிக்கிட்டு வந்தான்" என்பாள். ஆனால் காப்பி ஒருநாளும் தண்ணியாக இருந்ததில்லை.

வறட்சி வந்த அந்தக் கோடைக்கு முந்தின குளிர்காலத்தில்தான் சின்ன ஊர்களையெல்லாம் பெரிய ஊர்களோடு இணைக்கிற சட்டம் பிரஸ்ஸல்ஸில் வந்தது. லாம்பர்தம் இனி தனி ஊராட்சி இல்லை, பக்கத்து ஹாவர்கெர்க் நகரத்தின் ஒரு மூலை. எங்கள் மேயரே அதற்குக் கை தூக்கிவிட்டு வந்தார். சிரீல், சுல்மாவின் தம்பி, அன்றைக்கு மாலையே சமையலறைக்கு வந்துவிட்டான்.

"என்ன மச்சான், ஊரை வித்துட்டு வந்துட்டியாமே."

"விக்கல. பெருசு பண்ணிருக்கேன்."

"ஹாவர்கெர்க்குக்காரன் நம்ம வாய்க்காலைத் தூர்வாருவானா?"

"மேயர் நானா இருந்தா வாருவான். தேர்தல் பட்டியல்ல முதலிடம் எனக்குத்தான்னு கட்சியில சொல்லிருக்காங்க."

"யாரு சொன்னா?"

"சொல்ல வேண்டியவங்க."

"எழுதிக் குடுத்தாங்களா?"

"சிரீல், கட்சியில எழுதிக் குடுக்கச் சொல்றது கல்யாணத்துல மாப்பிள்ளை வீட்டுக்காரன் கிட்ட கையெழுத்து கேக்கற மாதிரி. யாரும் கேக்க மாட்டாங்க."

சுல்மா உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள். "எனக்கு நீ எழுதிக் குடுத்தது ஞாபகம் இருக்கு" என்றாள். "அதுவும் பலிக்கல." சிரீல் வாய்விட்டுச் சிரித்தான். ஒடீலும் சிரித்தார்.

வசந்தத்தில் சுல்மாவுக்கு வயிற்றில் கட்டி என்று தெரிந்தது. மூன்று பேருக்குத்தான் தெரியும், அவளுக்கு, அவருக்கு, எனக்கு. தம்பிக்குக்கூடச் சொல்லக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். "சொன்னா அவன் மூஞ்சியை என்னால பாக்க முடியாது, ஞாயித்துக்கிழமை சாப்பாடே கெட்டுப்போகும்." ஒடீல் பாராளுமன்றப் பதவியை விட்டுவிட்டு வந்தார். கட்சியில் அடுத்து இருந்தவன் அந்த இடத்தில் உட்கார்ந்தான். வீட்டில் இருக்கிறேன், இனி மேயர் மட்டும் போதும் என்றார். எத்தனையோ வருஷமாக அவள் கேட்டது அதுதான், கிடைத்தபோது அவளால் மோர்க்கஞ்சிக்கு மேல் எதுவும் சாப்பிட முடியவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை, கஞ்சியில் பழுப்புச் சர்க்கரை போட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தேன். ஒடீல் எதிரில் உட்கார்ந்திருந்தார்.

"ஒடீல், நான் ஒண்ணு கேக்கணும்."

"கேளு."

"எல்லாரும் சனிக்கிழமைதான் கேக்கறாங்க. நான் ஒருநாள் முந்திக்கிட்டேன், தப்பா எடுத்துக்காதே."

"சொல்லு சுல்மா."

"என்னை ஆன்யெஸ் பக்கத்துல வைக்கணும்."

ஆன்யெஸ் அவர்களுடைய ஒரே குழந்தை. நடக்க ஆரம்பித்த வயதில் தொண்டை அடைத்துப் போய்விட்டாள். எங்கள் கோயில் கல்லறையில் வடக்குச் சுவரோரமாக இருக்கிறாள்.

"வேற எங்க வைப்பாங்க?"

"ரோஹீர் சொல்லிக்கிட்டுத் திரியறானே, சின்ன ஊருக் கல்லறையையெல்லாம் மூடிட்டு ஹாவர்கெர்க் பெரிய ரோட்டு மேல புதுசா ஒண்ணு போடப்போறேன்னு. லாரி சத்தத்துல என்னால படுக்க முடியாது. முதல்லயே சொல்லிட்டேன்."

"நான் மேயரா இருக்கறப்ப எவன் மூடுவான்?"

"இருக்கறப்பன்னு சொல்றே."

"இருப்பேன்" என்றார் ஒடீல்.

இந்த ரோஹீர் ஹாவர்கெர்க் நோட்டரியின் மகன். இளைஞன், நல்ல பல்வரிசை. ஒடீலின் பையைத் தூக்கிக்கொண்டு பிரஸ்ஸல்ஸ் ரயிலில் போனவன். இரண்டு குளிர்காலம் முழுக்கச் சனிக்கிழமை தவறாமல் ஒடீல் வீட்டுச் சமையலறையில் உட்கார்ந்து, சுல்மா சுட்ட அப்பத்தைத் தின்றுகொண்டு, ஒடீல் ஆட்களிடம் எப்படிப் பேசுகிறார் என்று பார்த்துக்கொண்டிருந்தவன். பட்டியலில் முதலில் நிற்பவன்தான் மேயராவான், இப்போது அவனும் அந்த முதலிடத்தைக் கேட்டான். மேலே சொல்ல வேண்டியவர்கள், உறுப்பினர்களே ஓட்டுப் போட்டு முடிவு செய்யட்டும் என்று கைகழுவிவிட்டார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஹாவர்கெர்க் பங்கு மண்டபத்தில், காலைப் பூசை முடிந்ததிலிருந்து பிற்பகல் வரைக்கும் ஓட்டு.

நாளைக் குறித்தது ஒடீல்தான். அன்றைக்கு ஹாவர்கெர்க்கில் திருவிழா. பாதிப் பேர் முந்தின ராத்திரி பீர் குடித்துவிட்டு எழுந்திருக்கவே மாட்டார்கள் என்று கணக்குப் போட்டார். எங்கள் ஊரிலிருந்து சிரீல் ஒரு பஸ் ஏற்பாடு செய்தான். கட்சி அட்டை வைத்திருந்த ஆண்களெல்லாம் வருவதாகச் சத்தியம் செய்தார்கள். எல்லாரும் ஒடீலிடம் ஏதாவது ஒன்று வாங்கியவர்கள்தான், அதனால் அந்தச் சத்தியத்தை நானும் நம்பினேன்.

அந்தக் கோடையில் எங்களுக்கு ஒரு சொட்டு மழை இல்லை. ஆளிச்செடி முழங்காலுக்கு வராமலே காய்ந்து நின்றது. வாய்க்கால் வெடித்து, மாடுகளுக்கு வண்டியில் தண்ணீர் கொண்டுபோனார்கள். ஆனால் பிரான்சில் இடிமழை. சனிக்கிழமை அங்கிருந்து வீட்டுக்குப் பறக்கவிட வேண்டிய எங்கள் ஊர்ப் பந்தயப் புறாக்களைக் கூடையிலேயே வைத்திருந்தார்கள். வானொலியில் புறாச் செய்தி வாசிக்கிற ஆள், "காத்திருக்கவும்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனான். எங்கள் தெருவில் அந்தக் குரலுக்கு இருந்த மரியாதை பாதிரியாருக்குக்கூட இல்லை. ஞாயிறு காலையில், பூசைக்குக் கிளம்புகிற நேரத்தில், அதே குரல் சொன்னது. வானம் தெளிந்தது, புறாக்களை விட்டாயிற்று.

பூசை முடிந்து வெளியே வந்தோம். பஸ் நின்றது. பாதிரியாரின் சமையற்காரியும் இரண்டு விதவைகளும் நானும் ஏறினோம். ஓட்டுநர் இன்ஜினை நிறுத்திவிட்டுச் சுருட்டுப் பற்றவைத்தான்.

ஒடீல் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு, "எல்வீரா, என் கூட வா. பொம்பளை நின்னா வெக்கப்பட்டாவது வருவாங்க" என்றார். வீடு வீடாகப் போனோம். தெருவில் ஒரு ஆள் இல்லை. எல்லாரும் கொல்லையில், புறாக்கூண்டுக்குக் கீழே, கழுத்தை நிமிர்த்தித் தெற்கு வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். யாரும் நாற்காலியில்கூட உட்காரவில்லை.

சிரீல் வீட்டுக்குக் கடைசியாகப் போனோம். அவன் ஒரு தகரத்தில் கடலையை வைத்துக்கொண்டு நின்றான்.

"சிரீல், பஸ் நிக்குது."

"மெதுவாப் பேசு மச்சான். பாத்தேன்."

"நீதானே ஏற்பாடு பண்ணே."

"ஆமா. நான் இல்லேன்னு சொல்லலியே. நீலக்காரி வந்து எறங்கிட்டான்னா அவ கால்ல இருக்கற வளையத்தைக் கழட்டி பந்தயக் கடிகாரத்துல போட்டுட்டு அப்படியே ஓடி வந்துருவேன்."

"எப்ப வரும்?"

"காத்தைப் பொறுத்தது. வடக்குக் காத்துன்னா கொஞ்சம் லேட்டாகும்."

"இப்ப என்ன காத்து?"

சிரீல் அவரை ஒரு மாதிரிப் பார்த்தான். "வடக்குக் காத்துதான் மச்சான். காலையிலேர்ந்து அதான் அடிக்குது. நீ புறாச் சங்கத்துத் தலைவர், உனக்குத் தெரியாதா?"

ஒடீல் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டார்.

"ஓட்டெடுப்பை ஒரு மணி நேரம் தள்ளிவைக்கச் சொல்லேன். உன்னால முடியாததா" என்றான் சிரீல்.

"இது என்னால முடியாது சிரீல். இது ஒண்ணு என்னால முடியாது. நான் உன்கிட்ட கேக்கறேன். நான் இதுவரைக்கும் உன்கிட்ட எதுவும் கேட்டதில்ல."

"அட, நீ எப்படியும் ஜெயிச்சிருவே. உனக்குப் போடாம யாருக்குப் போடுவாங்க? கொஞ்சம் அந்த மரத்தடிக்குப் போய் நில்லு, ஆள் நின்னா எறங்கப் பயப்படும்."

சுல்மாவின் வயிற்றைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் சிரீல் கடலைத் தகரத்தைப் போட்டுவிட்டு வந்திருப்பான். எனக்கு நாக்கு நுனிவரை வந்துவிட்டது. ஒடீல் என்னைப் பார்த்து வேண்டாம் என்று தலையை மட்டும் ஆட்டினார். இருவரும் மரத்தடிக்குப் போய், சிரீலோடு சேர்ந்து வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றோம். எவ்வளவு கேவலமாக இருந்தது என்று சொல்லி முடியாது.

நீலக்காரி வந்தாள், தாமதமாக. கூரை ஓட்டின் மேல் உட்கார்ந்து இறகு கோதினாளே தவிர கூண்டுக்குள் நுழையவில்லை. சிரீல் கெஞ்சினான், சீட்டியடித்தான், கடலையைக் குலுக்கினான். பஸ் ஹாவர்கெர்க் போய்ச் சேர்ந்தபோது மண்டபத்தில் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். பீர் குடித்தவர்கள் எழுந்திருக்க மாட்டார்கள் என்பது தப்புக் கணக்கு. அவர்கள் தூங்கவே போகாமல், திருவிழாவிலிருந்து நேராக மண்டபத்துக்கு வந்து ரோஹீருக்குப் போட்டிருந்தார்கள்.

ஒடீலுக்குப் பட்டியலில் கடைசி இடம் தருகிறோம், அது மூத்தவர்களுக்கான மரியாதை என்றார்கள். வேண்டாம் என்றுவிட்டார். ஐப்பசியில் தேர்தல் நடந்து ரோஹீர் மேயரானான். எங்கள் ஊர்மன்றத்தின் வாசலில் இருந்த பலகையைக் கழற்றிக்கொண்டு போனார்கள். சிக்கரி அந்த வருஷம் விரல் தண்டிதான் இருந்தது. சூளைகள் சீக்கிரமே அணைந்துவிட்டன.

சனிக்கிழமைகளில் சுல்மா படுக்கையிலிருந்தபடியே என்னைக் காப்பி வடிக்கச் சொல்வாள். நாற்காலிகளைப் போடுவேன். யாரும் வரவில்லை. சிரீல் மட்டும் வருவான், வந்து சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். அக்காவுக்கு என்ன என்று அவனுக்கு இப்போது தெரியும்.

தை மாதம் ஒடீல் நல்ல கோட்டைப் போட்டுக்கொண்டு ஹாவர்கெர்க்குக் கிளம்பினார். தனியாக விட மனமில்லாமல் நானும் போனேன். மேயர் அறைக்கு வெளியே நீளமான நடை, சுவரோரமாக பெஞ்சு. எங்கள் ஊர் ஆட்கள் பாதிப் பேர் அங்கேதான் இருந்தார்கள். அவரைப் பார்த்ததும் எழுந்து நின்றார்கள். "உக்காருங்க மேயர் ஐயா" என்று நகர்ந்து இடம் விட்டார்கள். யாரும் முன்னால் போகச் சொல்லவில்லை. ஒடீல் தொப்பியைக் கழற்றி முழங்காலில் கவிழ்த்து வைத்துக்கொண்டு தன் முறைக்காக உட்கார்ந்தார்.

உள்ளே போனதும் ரோஹீர் எழுந்து வந்து கை கொடுத்தான். சுல்மா எப்படி இருக்கிறாள், அவள் சுடுகிற அப்பம் இன்னும் நாக்கில் நிற்கிறது என்றான். ஒடீல் கல்லறை விஷயத்தைச் சொன்னார். ரொம்பச் சுருக்கமாகச் சொன்னார்.

ரோஹீர் நாற்காலியில் சாய்ந்துகொண்டு ஜன்னலைப் பார்த்தான். "கஷ்டம்தான், ஒடீல்" என்றான். "மூடறதுன்னு முடிவாயிருச்சு. உங்களுக்குத் தெரியாததா, ஒருத்தருக்குப் பண்ணினா எல்லாரும் கேப்பாங்க. ஆனா பாக்கறேன். உங்களுக்குன்னு வரும்போது பாக்காம இருப்பேனா."

ஒடீல் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "நன்றி, மேயர்" என்றார்.

மாசியில், சுல்மாவுக்குத் தண்ணீர்கூட இறங்காத நாட்களில், ஒரு சாயங்காலம் ரோஹீரே வந்தான். மழையில் நனைந்து, தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, வாசலில் நின்றான். படுக்கையை முன்னறைக்கே கொண்டுவந்திருந்தோம். அவன் கட்டில் பக்கத்தில் குனிந்து, "முடிஞ்சுது சுல்மா" என்றான். "கவலைப்படாதீங்க. பாப்பா பக்கத்துலதான். கொஞ்சம் போராட வேண்டியிருந்தது."

"நன்றி" என்றாள் சுல்மா.

நான் அழுதுவிட்டேன். பாவி என்று திட்டிக்கொண்டிருந்தவனை மனதுக்குள் வாழ்த்தினேன். ஒடீல் அவனுக்குக் காப்பி ஊற்றினார். அவர் காப்பி ஊற்றி நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. கொஞ்சம் சாசரில் கொட்டிவிட்டார்.

கதவு சாத்தின சத்தம் கேட்டபிறகு சுல்மா கண்ணைத் திறந்தாள்.

"ஒடீல்."

"ம்."

"உன்னை மாதிரியே பேசறான். அதே மாதிரி தொப்பியைக்கூடப் பிடிச்சுக்கிட்டு."

அவள் உதட்டில் சிரிப்பு இருந்தது. ஒடீல் கப்புகளை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனார். வெகுநேரம் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. எனக்கு அப்போது ஒன்றும் புரியவில்லை.

அந்த வாரமே போய்விட்டாள். கோயில் நிரம்பி வழிந்தது. ஓட்டுப் போட வராதவர்கள் அத்தனை பேரும் கறுப்புக் கோட்டில் வந்தார்கள், ரோஹீர் முதல் வரிசையில் நின்றான். வடக்குச் சுவரோரம் மண் சதசதவென்று இருந்தது. ஆன்யெஸின் சின்னக் கல்லுக்குப் பக்கத்தில் இறக்கினோம். லாரிச் சத்தம் இல்லை. சிரீல் விம்மி விம்மி அழுதான், இரண்டு பேர் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது.

சாவுக் காப்பியை பள்ளிக்கூட மண்டபத்தில் வைத்திருந்தோம். திராட்சை ரொட்டி, பன்றித் தொடைக்கறி, வெண்ணெய். நான் பின்கட்டில் காப்பி வடித்துக்கொண்டிருந்தபோது ஒடீல் வந்து கதவோரம் நின்றார்.

"உள்ள உக்காருங்க" என்றேன். "எல்லாரும் தேடுவாங்க."

"எல்வீரா, ரோஹீர் வந்தானே அன்னைக்கி. அவன் ஒண்ணும் போராடல."

"என்ன சொல்றீங்க?"

"ஏற்கெனவே குடும்பத்துல ஒருத்தரைப் புதைச்சிருந்தா அங்கேயே வைக்கலாம்னு மன்றத்துல முதல் கூட்டத்துலயே தீர்மானம் போட்டாச்சு. எல்லாருக்கும்தான். நான் போய்க் கேக்கறதுக்கு முன்னாடியே. நம்ம ஊர்மன்றத்துப் பழைய செயலாளரைக் கேட்டேன், ஆமான்னான்."

"அப்புறம் ஏன் கஷ்டம்னான்?"

"கஷ்டம்னு முதல்ல சொல்லணும். அப்புறம் கொஞ்ச நாள் விடணும். நல்ல சேதியை நாமளே கொண்டுபோகணும், தபால் கொண்டுபோகக் கூடாது." அவர் தரையைப் பார்த்தபடி சொன்னார். "அவன் ஜன்னலைப் பாத்தான் பாரு, அப்பவே எனக்குத் தெரிஞ்சு போச்சு. அது நான் பாக்கற ஜன்னல். எங்க சமையலறையில உக்காந்து கத்துக்கிட்டுப் போனது."

மண்டபத்தில் யாரோ கோப்பையைத் தட்டிக் காப்பி கேட்டார்கள்.

"சுல்மாவுக்கு எல்லாம் தெரியும். எப்பவும் தெரியும். உனக்குத்தான் தெரியாது" என்றார். "உன் பென்ஷன் சூளையில செத்தவன் பொண்டாட்டிக்கு எப்படியும் வர்றது, எல்வீரா. அது தானா வந்துது. நான் ஒண்ணுமே பண்ணல."

நான் கையில் காப்பிப் பானையை வைத்துக்கொண்டிருந்தேன். எத்தனை சனிக்கிழமை. எவ்வளவு கப்பு. என் புருஷன் செத்ததற்கு வந்ததை இந்த மனிதர் கொடுத்ததாக நினைத்து, அவர் கையைப் பிடித்து அழுதிருக்கிறேன். ரோஹீரை வாழ்த்தியிருக்கிறேன். ஏதாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. அவர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு, அடி விழட்டும் என்று காத்திருக்கிற மாதிரி நின்றார்.

அதற்குள் கிழவர் காமீல் கதவைத் தள்ளிக்கொண்டு வந்துவிட்டார். அவர் மகனைத்தான் ஒடீல் ஜெர்மனியிலிருந்து ஊர்ப்பக்கம் மாற்றிக் கொடுத்தது. கண்ணெல்லாம் சிவந்து, ஒடீலின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"மேயர் ஐயா, நீங்க என் பையனுக்குப் பண்ணினதை நாங்க மறக்கவே மாட்டோம்."

"நான் ஒண்ணும் பண்ணல காமீல்" என்றார் ஒடீல். "நிஜமாத்தான் சொல்றேன். அவனுக்கு மாத்தல் எப்படியும் வந்திருக்கும்."

காமீல் என் பக்கம் திரும்பினார். "பாத்தியா எல்வீரா. பொண்டாட்டியைப் புதைச்ச அன்னைக்குக்கூட எவ்வளவு அடக்கம் பாரு."

ஒடீல் என்னைப் பார்த்தார். நான் சொன்னால் காமீல் நம்புவார் என்று அவருக்குத் தெரியும். நான் பானையைத் தூக்கிக்கொண்டு மண்டபத்துக்குள் போய், முதல் மேஜையிலிருந்து காப்பி ஊற்ற ஆரம்பித்தேன்.